பிழை திருத்தம்

முப்பத்தோராவது இதழின் கடைசித் தாளில்
வழக்கமான பிழை திருத்தம்.
பக்கம் 4: ‘கொடை’ என்பதைக் ‘கோடை’ என வாசிக்கவும்.
பக்கம் 11: கவிதை தலைகீழாகக் கோக்கப்பட்டது. மன்னிக்கவும்.
உள்ளட்டை: ‘தலைவர், வே. பரஞ்சோதி’ என்பதைத்
‘தலைவர்,’ என வாசிக்கவும்.

அதுதான் அவருடைய விலகல் கடிதம்.
மல்லாவி சங்கக்கடை மேல்மாடியில்
வாங்குகளைச் சுற்றிச் சுற்றி நடந்து
இருபத்திரண்டு பிரதிகளையும் அடுக்கிய நாங்கள்
அந்தத் தாளையும் தொட்டுத்தான் அடுக்கினோம்.
ஒருவரும் வாசிக்கவில்லை.
தன் பக்கத்தைத் தேடி எடுத்துப்
பெயரில் எழுத்துப் பிழையா என்று பார்ப்பதோடு
எங்கள் வட்டத்தில் வாசிப்பு முடிந்துவிடும்.

நான் பொருளாளர்.
கையிருப்பு ஆயிரத்து முந்நூற்று நாற்பது ரூபா,
தாள்க்கடைக் கடன் அதைவிடக் கூட.
செயலாளர் வராத நாளில் கூட்டறிக்கையும் நான்தான்.
செயலாளர் வருவதில்லை.

கராஜுக்குப் போனேன்.
உழவு இயந்திரத்தின் கீழ் இரண்டு கால்கள்.
கால்களோடுதான் பேசவேண்டியிருந்தது.
“ஏன் அண்ணை?”
பத்தாம் நம்பர் ஸ்பனரை நீட்டச் சொன்னார்.
“வேற ஆளைப் பாருங்கோ. நான் இனி எழுதப்போறன்.”
எட்டு வருஷமாய்
எங்கள் பதினேழு பேரின் பக்கங்களுக்கும்
சிவப்பு வட்டம் போட்டவர்
தனக்கென்று ஒரு பக்கம் எடுக்கவில்லை என்பது
ஸ்பனரைக் கொடுத்த பிறகுதான் உறைத்தது.

சனிக்கிழமை தேர்தல். கரண்ட் இல்லை.
பழுதாய்ப்போன தாள்களைக் கிழித்து
வாக்குச்சீட்டு ஆக்கினோம்.
என் வாக்கின் முதுகில்
செபஸ்ரியனின் மாட்டு வைத்தியக் கட்டுரையில் பாதி.
நடேசபிள்ளை ஏழு,
கஜந்தினி ஒன்பது,
‘பிளேன்ரீக்குச் சீனி காணாது’ ஒன்று.

அவளுக்கு அது தெரியாது.
கிளிநொச்சியில் தையல் ஆலை வேலை முடித்து
ஏறிய பஸ் மாங்குளத்தடியில் படுத்துவிட்டது.
வரும்போது ஆறு மணி,
சப்பாத்து நிறையச் செம்மண்.
“முடிஞ்சுதா? ஆர்?” என்றாள்.
எல்லாரும் அவளையே பார்த்தோம்.

கையளித்தவை:
மை காய்ந்த முத்திரை ஒன்று,
அலுமாரித் திறப்பு,
நீட்டு ஸ்ரேப்ளர்.
அதை உள்ளங்கை அடியால் குத்தவேண்டும், இப்படி, என்று
பரஞ்சோதி செய்து காட்டினார்.
அவள் இரண்டு பெருவிரலால் அமத்தினாள்.
கம்பி இறங்கியது.
அவர் கொஞ்ச நேரம் அந்த விரல்களைப் பார்த்தார்.

பிறகு பதிவேட்டைப் புரட்டினாள்.
“எட்டுக்குப் பிறகு பன்னிரண்டோ?”

புதியவர்கள் நிமிர்ந்தார்கள். பழையவர்கள் குனிந்தோம்.
செபஸ்ரியன் சுற்றாத மின்விசிறியை
அது சுற்றுவதுபோல் பார்த்துக்கொண்டிருந்தான்.
“அடிச்சது. தைச்சது. மூண்டையும்
தருமபுரத்தில ஒரு பரலுக்குள்ள வச்சு…” என்றார் பரஞ்சோதி.
வசனம் முடியவில்லை.
முடியாத வசனங்களுக்குத்தான்
அவர் இரட்டை வட்டம் போடுவது.

“அப்ப அடுத்தது ஒன்பது” என்றாள்.
முப்பத்திரண்டு என்று நான் எழுதியாயிற்று.
“வெட்டுங்கோ. ஒன்பது.
எழுதினது ஞாபகம் இருக்கிற ஆக்கள் அதை எழுதுங்கோ.
இல்லாத ஆக்கள் வெறுந்தாள் தாங்கோ,
இருபத்திரண்டும் தரவேணும்.
பிறகு வந்த நாங்கள் அட்டை செய்யிறம்.”

“எத்தனை பக்கம்?” பரஞ்சோதி கேட்டார்.
“ஒண்டு. நீட்டாதேங்கோ அண்ணை.”

வாசலோரம் செபஸ்ரியனைத் தள்ளி இருக்கச் சொல்லி
அவனருகில் அமர்ந்தார்.
அந்த வாங்கின் ஒரு கால் கட்டை.
எட்டு வருஷமாய் அது அவருக்குத் தெரியாது.

கடைசி பஸ் ஏழேகாலுக்கு.
தலைவி ஓடினாள், திறப்பையும் கொண்டு.
கூட்டறிக்கைப் புத்தகம் அலுமாரிக்குள்.
ஆகவே இதை என் பக்கத்தில் எழுதுகிறேன்.
பொருளாளர் எழுதக்கூடாது என்று
யாப்பில் எங்கும் இல்லை.

அப்போது ஒன்பதில் நான் எழுதியது
மண்ணெண்ணெய் விலை பற்றி.
ஒரு வரியும் நினைவில்லை.
விலை நினைவிருக்கிறது.