பந்தல் இல்லாத கொடி

குமுளியில் செக்போஸ்ட் தாண்டி மூன்றாவது கடை.
ஏலக்காய் வாசமும்
மலை ஏறி வந்த பஸ்ஸின் டயர் சூடும்
உள்ளே வரைக்கும் வருகின்றன.

கூடலூரில் பால் காய்ச்சி எட்டு மாசம்.
ஹால் சுவரில் கொத்தனார் அடித்துவிட்டுப் போன ஆணி
மாட்ட ஒன்றுமில்லாமல்
வருகிறவர்களையெல்லாம் வெறிக்கிறது.

"எல்லாம் இத்தாலியன் ஸ்டைலாணு சேச்சி,"
என்றான் ஷிஜோ, முதல் படத்தின் தூசியைத் தட்டி.

தண்ணீருக்குள் நிற்கிற ஊர்.
வாசற்படியில் படகைக் கட்டியிருக்கிறார்கள்.
காசிமாயன், என் புருஷன், கிட்டப் போய்ப் பார்த்தார்:
"ஊரே முங்கிக் கெடக்கு. யாரு தெறந்துவிட்டது?"
ஷிஜோவின் கை ஒரு நொடி நின்றது.
தண்ணீர்ப் பேச்சை
இந்தக் கடைவீதியில் யாரும் நீட்டுவதில்லை.
அவன் அடுத்த படத்தை எடுத்தான்.
இவர் செருமிக்கொண்டார்.

மஞ்சள் சுவர், நீலக் கிண்ணம், எலுமிச்சம்பழங்கள்.
திருஷ்டிக்கு வாசலில் தொங்குவதை
ஹாலில் எதற்கு?
இறக்கை முளைத்த அம்மணக் குழந்தைகள்.
மைத்துனர் குடும்பத்தோடு வந்தால்
எங்கே பார்த்துப் பேசுவார்?

அப்புறம்தான் அது வந்தது.
ஒரு மேடு. மேட்டில் கல் வீடு.
கீழே வரிசை வரிசையாய்த் திராட்சை.

"தோட்டமா!"
அவருக்குக் கோபமே வந்துவிட்டது.
"கதவத் தெறந்தா இதான், பின்வாசல்ல இதான்.
காசு குடுத்துச் சுவத்துலயுமா?
அதுவும் பந்தலக் காணோம்.
கல்தூணு இல்ல, கம்பி இல்ல.
இடுப்பு ஒசரத்துல கொடிய நட்டுட்டு
குனிஞ்சு பறிக்கிறானா இவன்?"

நான் வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
அந்தத் தோட்டத்தில் ஆளே இல்லை.
முதுகில் டேங்க்கைக் கட்டிக்கொண்டு யாரும் மருந்தடிக்கவில்லை.
இலையைத் திருப்பி
அடிச்சாம்பல் விழுந்திருக்கிறதா என்று யாரும் பதறவில்லை.
வீட்டுக் கதவு சாத்தியிருந்தது.
உள்ளே ஒருத்தி
மதியத் தூக்கம் போட்டிருப்பாள் என்று வைத்துக்கொண்டேன்.
வானம் மட்டும் எனக்குத் தெரிந்த நீலம்:
இவர் சட்டையில் எத்தனை சோப்புக்கும் போகாத
மயில்துத்த நீலம்.

"இதான்," என்றேன்.

இரண்டாயிரத்து நானூறு கேட்டான். ஆயிரத்து எழுநூறு.
பொட்டலம் கட்டும்போது பின்பக்கம் பார்த்தேன்.
மூலையில் சின்ன எழுத்தில் சிவகாசி.
சொல்லவில்லை.
கொண்டை ஊசி வளைவுகளில்
படத்தை மடியில் நிறுத்திப் பிடித்துக்கொண்டு இறங்கினோம்.
மலையில் ராட்சதக் குழாய்கள் வழியே
தண்ணீரும் எங்களோடு இறங்கிக்கொண்டிருந்தது.

மாட்டிய நாளிலிருந்து அவருக்கு ராத்திரிச் சோறு
படத்துக்கு எதிரேதான்.
"கவாத்துச் சரியில்ல."
"மூணாவது வரிசைக்குத் தண்ணி பத்தல."
ஒருநாள் விரல் வைத்து எண்ணி
"ஏக்கருக்கு நாலு டன்னு தாண்டாது இவனுக்கு,"
என்றார், பாவப்பட்ட குரலில்.
கடன் எவ்வளவு இருக்கும் என்றுகூட யோசித்தார்.

மாசிக் காய்ப்புக்கு விலை பேச
கம்பத்திலிருந்து மைதீன் பிச்சை வந்தார்.
சோபாவில் சாய்ந்து
பன்னீர் கிலோ இருபத்திரண்டு என்றார்.
மருந்து விலையே வராது.
இவர் கால் கட்டைவிரலைப் பார்த்தார்.
வியாபாரி படத்தைப் பார்த்தார்.

"இது யாரு தோட்டம்?"

காபியை வைத்துவிட்டுச் சொன்னேன்:
"பேசிக்கிட்டிருக்கோம். பந்தல் செலவு கெடையாது.
அவுக ஏற்றுமதிதான், இங்க குடுக்குறதில்ல."

ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.
காசிமாயன் நிமிரவே இல்லை.
மைதீன் பிச்சை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
மறுபடி போட்டுக்கொண்டு வெகுநேரம்
அந்த மேட்டையே பார்த்தார்.

"இருபத்தஞ்சு," என்றார்,
எங்களிடம் இல்லை,
சாத்திய கதவுள்ள அந்த வீட்டிடம்.