ஏழாவது

முப்பத்தெட்டுப் பெட்டிகள் ஏற்றியாயிற்று.
வாசல்களுக்கு வலை அடித்தாயிற்று.
விடிவதற்குள் டோலோன் கணவாயைத் தாண்டவேண்டும்,
வெயில் ஏறினால் உள்ளே மெழுகு இளகும்,
தேனீ வெந்து சாகும்.
லாரி மட்டும் கொச்கோர் சந்தைக்குப் பின்னால்
நின்ற இடத்தில் நின்று
காய்ச்சல்காரன்போல் உதறிக்கொண்டிருக்கிறது.

காஸ் ஐம்பத்துமூன்று. என்னைவிட இரண்டு வயது மூத்தது.
எட்டு சிலிண்டர்.
ஆக்ஸிலேட்டரை மிதித்தால் ஒழுங்குப் பிள்ளை.
காலை எடுத்தால்
தடதட, ஒரு விக்கல்,
தடதடதட, இன்னொன்று.

கார்புரேட்டர்தான் என்றேன் சாய்கலிடம்.
எது கெட்டாலும் கார்புரேட்டர் என்பது என் கட்சி.
பனி உருகியதிலிருந்து மூன்று முறை கழற்றிக் கழுவிவிட்டேன்.
பாதி வாடகையை முன்பணமாகக் கொடுத்தவள்
பேசாமல் நிற்பது
பேசுவதைவிடச் சத்தம்.

டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு
பிளக் வயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன்.
பிடுங்கியதும் எஞ்சின் தொய்ந்தால்
அவன் உழைக்கிறவன், திரும்ப மாட்டிவிடு.
ஒன்று தொய்ந்தது. இரண்டு, மூன்று, நான்கும்.
ஐந்தில் ஷாக் அடித்து முழங்கையை இடித்துக்கொண்டேன்.
ஐந்து நல்ல உழைப்பாளி.
ஆறும்.
ஏழைப் பிடுங்கினேன்.

ஒன்றும் ஆகவில்லை.
பந்தியில் உட்கார்ந்து தின்றுவிட்டு
பாரத்துக்குத் தோள் கொடுக்காத ஒருவன்.
சைலன்சரில் எரியாத பெட்ரோல் நாற்றம்.

ஏழின் பிளக்கை ஆறில் போட்டேன், ஆறு ஓடியது.
ஏழின் வயரை எட்டுக்குக் கொடுத்தேன், எட்டு ஓடியது.
பிளக் துளையில் விரல் வைத்தேன்,
சாய்கல் முன்னால் கைப்பிடியைச் சுற்றினாள்,
காற்று விரலை உதைத்துத் தள்ளியது.
வயரில் எங்காவது நீலம் கசிகிறதா என்று
டார்ச்சை அணைத்துப் பார்த்தேன்.
இல்லை.
வானம்தான் எரிந்துகொண்டிருந்தது,
ஒன்றுகூட மிஸ் அடிக்காமல்.

ஃபேன் இரைச்சலில் எதுவும் கேட்கவில்லையென்று
பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஓடவிட்டேன்.
இரண்டு நிமிடம் தாங்கும், அதற்குமேல் கொதிக்கும்.

உதறல் பலகை வழியே ஏறி
பெட்டிகள் முரலத் தொடங்கின.
சாய்கல் ஒவ்வொன்றிலும் காது வைத்தாள்.
"பதினான்கில் ராணி இல்லை" என்றாள்.
"எப்படித் தெரியும்?"
"இருந்தால் ஒரே சுருதி. இல்லாவிட்டால் அழுகை.
உன் லாரியும் அதைத்தான் செய்கிறது."
எனக்குச் சுருக்கென்றது.
ஸ்பேனர் எது, திருப்புளி எது என்று தெரியாதவள்.

புகைமூட்டியில் காய்ந்த சாணியைப் போட்டு
வலைமேல் ஊதினாள்.
நழுவிய தலைத்துணியைக் கட்ட
அதை மட்கார்டில் வைத்தாள்.
காற்றில்லாத இரவு.
புகை நேராக எழுந்தது, தயங்கியது,
கயிறு கட்டி இழுத்ததுபோல் வளைந்து
மேனிஃபோல்டுக்கும் ஏழாவதுக்கும் நடுவே
ஒரு மயிரிழை இடுக்கில்
போய்க்கொண்டே இருந்தது.

இருவரும் பார்த்தோம்.

களவாகக் காற்றுக் குடித்திருக்கிறான்.
பொறி விழுந்தும் பற்றாத அளவுக்கு.
ஓடும்போது மறைத்துவிடுவான்,
நிற்கும்போதுதான் பிடிபடுவான்.

நட்டு வெறும் விரலுக்கே சுழன்றது.
மூன்றாம் முறை, கார்புரேட்டர் போதாதென்று,
மேனிஃபோல்டையும் தூக்கிப் பூட்டியவன் நான்.
அதை அவளிடம் சொல்லவில்லை.

முக்கால் சுற்று.
புகை நிமிர்ந்து நின்றது.
விக்கல் போயிற்று,
முழுதாக இல்லை,
நூறில் ஒன்று இன்னும் எட்டிப் பார்த்தது.
பெல்ட்டை மாட்டினேன்.

கணவாய் உச்சியில், கிழக்கு வெளுக்கும் நேரம்,
ஆட்டு மந்தை கடக்கட்டும் என்று நிறுத்தினேன்.
எஞ்சின் சமமாக முனகியது.
பின்னால் முப்பத்தேழு பெட்டிகள் அதோடு சேர்ந்தன.
பதினான்கு மட்டும் சேரவில்லை.

"அதற்கு என்ன செய்வாய்?" என்றேன்.
கண்ணைத் திறக்காமலே சொன்னாள்:
"அட்-பாஷியில் ஒரு ராணி வாங்கணும்.
உன் மீதி வாடகையில்."