நாற்பது எழுத்துக்குள் காரணம்

கோத்தகிரியில், வர்க்கி அடுப்புக்கு
நேர் மேலே எங்கள் அலுவலகம்.
மஞ்சு ஜன்னலுக்குள் வந்தாலும்
தரை மட்டும் சூடு.
செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து
மனுக்களுக்கு நிறம் கொடுக்கிறோம்.

மகிழ்ச்சி என்றால் பச்சை.
கோபம், துயரம், பயம் எல்லாம் சிவப்பு.
ஒன்றுமில்லாதது சாம்பல்.
மென்பொருள் முதலில் தன் ஊகத்தைச் சொல்லும்;
சரியென்றால் ஒரு தட்டு, தப்பென்றால் இரண்டு.
எத்தனை தட்டினாலும்
வரிக்கு எழுபது காசுதான்.

முதல் நாளே சொல்லிவிட்டார் போஜராஜன்:
அதிகாரி ஒரு நாளைக்கு ஐம்பது மனு படிப்பார்,
ஐம்பதும் சிவப்பாகத்தான் இருக்கும்.
பச்சைக்கு
ஒரு நன்றிக் கடிதம் தானாகவே போய்விடும்.

"மூன்று மணி நேரம் மஞ்சு பார்க்க வைத்த
பேருந்து நிர்வாகத்துக்குக் கோடி நன்றி."
பச்சை, தொண்ணூற்றிரண்டு விழுக்காடு.
சிரித்துக்கொண்டே மாற்றினேன்.

"ரேஷன் கடைக் கதவைக் கரடி திறந்துவிட்டது.
உங்கள் ஆளைவிட அது நேரத்துக்கு வருகிறது."
'நேரத்துக்கு' என்பதைப் பிடித்துக்கொண்டு
இதற்கும் பச்சை.
பத்மாவதிக்குப் படித்துக் காட்டிவிட்டு மாற்றினேன்.

கேலி சுலபம்.
வாயோரம் ஒரு சுழிப்பு அதற்கு எப்போதும் உண்டு.
இன்னும் ஆயிரம் கேலி ஊட்டினால்
இந்தப் பெட்டியும் பிடித்துக்கொள்ளும்.

பிறகு 4417 வந்தது.

"மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,
தாங்களும் குடும்பத்தாரும் நலமாயிருக்க
ஆண்டவரை வேண்டும் ஞானசௌந்தரி எழுதிக்கொள்வது.
ஏழாம் நம்பர் லயத்தில் எல்லோரும் சுகம்.
போன வருஷம் தாங்கள் கொடுத்தது நல்ல தார்ப்பாய்.
இந்த வருஷம் மழை நன்றாகப் பெய்கிறது,
வீட்டுக்குள்ளும்.
பிள்ளை இப்போது இருமுவதில்லை.
அவசரம் ஒன்றுமில்லை.
பணிவன்புடன்."

பச்சை. தொண்ணூற்றேழு.

இருமல் இரண்டு விதமாக நிற்கும்.
சொற்பட்டியலில் ஒரு விதம்தான் இருக்கிறது.
"மருந்து கிடைச்சிருக்கும்டீ" என்றாள் பத்மாவதி.
பிறகு அவளும் பேசவில்லை.

இரண்டு தட்டு. சிவப்பு.
காரணம் கேட்டு ஒரு கட்டம் திறந்தது,
நாற்பது எழுத்துக்குள்.
கோபப்படத் தெரியாதவர் என்று எழுதினேன்.
அழித்தேன். எனக்கெப்படித் தெரியும்,
தெரிந்தும் படாமலிருக்கலாம்.
அப்பா தோட்டத்துக்கு எழுதிய கடிதமெல்லாம்
தங்கள் நலமறிய ஆவல் என்றே தொடங்கும்,
அதில் ஒன்றுக்குக்கூட
நாற்பதைத் தாண்டிவிட்டது.
கடைசியில் தார்ப்பாய் என்று மட்டும் அடித்து
அனுப்பினேன்.

மதியம் பெங்களூரிலிருந்து திரும்பி வந்தது.
"எதிர்மறைச் சொல் எதுவும் இல்லை.
தார்ப்பாய் பொருள், உணர்வு அன்று.
மூவரில் இருவர் பச்சை என்கிறார்கள்.
உங்கள் உடன்பாட்டு விகிதம் எண்பத்தொன்று.
எண்பதுக்குக் கீழே இறங்கினால்..."
மூன்று புள்ளி.
அதற்கு நிறம் கொடுக்கச் சொல்லி
யாரும் கேட்கவில்லை.

அந்த இருவரில் ஒருத்தி பத்மாவதியா?
நான் கேட்கவில்லை.
அவளுடைய விகிதம் சரியாக எண்பது.
ஊட்டியில் பையனுக்கு விடுதிக் கட்டணம்
பதினைந்தாம் தேதிக்குள்.

நாலு மணிக்கு அடுப்பை அணைத்தார்கள்.
பாதத்தின் கீழே தரை ஆறுவது தெரிந்தது,
செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டேன்.
மறுபடி இரண்டு தட்டு.
மறுபடி கட்டம்.

இந்த முறை நான் எதையும் விளக்கவில்லை.
பிள்ளை இப்போது இருமுவதில்லை
என்று அவர் வரியையே அடித்தேன்.
எனக்குப் பதினாலு எழுத்து.
கட்டத்துக்கு இருபத்தேழு:
புள்ளி, கொம்பு, இடைவெளி எல்லாவற்றையும்
தனித்தனியாக எண்ணும் அது.

மீதி பதிமூன்று.
காலியாகவே விட்டு அனுப்பினேன்.