பக்கத்து இருக்கை

பட்டர்வொர்த்தில் ஏறிப் பினாங்கில் இறங்குவதற்குள்
ஒரு பக்கம். அதுதான் என் கணக்கு.
நாற்பத்தோரு வயதில் கணக்கியல் தேர்வு;
கடலுக்கு முதுகு,
பக்கத்து இருக்கையில் பை,
யாரும் உட்காராதபடி.

இன்று அதை நகர்த்தி அமர்ந்தான்
பள்ளிச் சீருடையில் ஒரு சீனப் பையன்.
மைலோவை உறிஞ்சியபடி
என் ஏட்டில் விரல் வைத்து
"காக், சாலா" என்றான்.

முறைத்தேன்.
அவனைப் பொய்யாக்கவே மறுபடி கூட்டினேன்.
அறுபது ரிங்கிட்,
பற்றில் இருக்கவேண்டியது,
வரவில் உட்கார்ந்திருந்தது
வீடு மாறிப் போன விருந்தாளிபோல்,
கூச்சமே இல்லாமல்.

அழித்து எழுதி நிமிர்கையில்
பெர்ரி கரை தொட்டுவிட்டது.
மோட்டார்சைக்கிள் புகைக்குள்
அவன் புத்தகமூட்டை மட்டும் தெரிந்தது.
ஏட்டில் ஒரு துளி மைலோ.

நாளைக்கும் ஒரு பக்கம்தான்,
கடலுக்கு முதுகுதான்.
பையை மடியில் வைத்துக்கொள்வேன்.