குனிந்து வா

ஏரியின் பனி விரிவதைப் பதிவு செய்கிறவளுக்கு
வரக்கூடிய சிக்கல்தான் இது.
ஸ்பீக்கர் கரகரத்தால்
உடைவது ஏரியா ஒலியா
தெரிவதில்லை.

குவோப்பியோ. மார்ச் முடியவில்லை.
பழைய சாமான் சந்தையில்
இருபது யூரோவுக்கு வாங்கிய ஆம்ப்ளிஃபயர்.
வெள்ளி முகம், மரக் கன்னம்.
வால்யூம் குமிழுக்கு மேல், எட்டு மணித் திசையில்,
யாரோ வைத்த நகப்பூச்சுப் புள்ளி.
யாரோ யாருக்கோ
இதைத் தாண்டாதே என்றிருக்கிறார்கள்.

என் இன்டர்ஃபேஸ் ஸ்டுடியோவில் வளர்ந்தது.
சும்மா தொண்டையைச் செருமினாலே
ஒன்றேகால் வோல்ட்.
வீட்டுப் பெட்டி எதிர்பார்ப்பதோ
அதில் கால்வாசி.
கேட்டால் இருவருமே பூஜ்ஜியம் என்பார்கள்.
கடலிலிருந்து அளந்தவன் ஒருவன்
ஏரியிலிருந்து அளந்தவன் ஒருவன்.
எங்கள் ஏரியோ
கடலுக்கு எண்பது மீட்டர் மேலே கிடக்கிறது.

வால்யூமைக் குறைத்தேன்.
கரகரப்பும் கூடவே குறைந்தது, போகவில்லை,
தூரத்தில் நின்று
அதே வார்த்தையைச் சொன்னது.
சவுனாவின் குட்டைக் கதவில்
நிமிர்ந்து நுழைந்து நெற்றி உடைந்தவனை
உள்ளே வந்தபின்
மெல்லப் பேசச் சொல்லி என்ன ஆகும்?

அப்போதுதான் ஓர்வொக்கி வந்தாள்
கம்பளிக் காலுறையோடு, கீழ்வீட்டிலிருந்து.
ராத்திரி ட்யூட்டி நர்ஸ், பகலில் தூங்குகிறவள்.
"உன் ஏரி என் கூரையில் உடைகிறது" என்றாள்.
நான் மன்னிப்புக் கேட்பதற்குள்
காபி இருக்கிறதா என்றும் கேட்டாள்.

நூறு ஹெர்ட்ஸில் ஒரு நீள முனகலை ஓடவிட்டேன்.
மீட்டரின் இரண்டு ஊசிகளையும்
அவளிடம் கொடுத்தேன்.
நரம்பு தேடிப் பழகிய கை, நடுங்கவில்லை.
ரத்த அழுத்தம் சொல்லும் அதே குரலில் வாசித்தாள்:
ஒன்று புள்ளி இரண்டு மூன்று.
நான் திருகினேன்.
பூஜ்ஜியம் புள்ளி எட்டு. ஐந்து. நான்கு.
மூன்று ஒன்று. நில்.

பன்னிரண்டு டெசிபல்.
பையிலிருந்து பிளாஸ்திரி எடுத்து
குமிழுக்குப் பக்கத்தில் ஒரு துணுக்கு ஒட்டினாள்.

"எனக்கும் இப்படி ஒன்று ஒட்டு" என்றாள்.
"வார்டில் பாதிப் பேருக்குக் காது கேட்காது.
அந்தக் குரலோடே வீட்டுக்குப் போகிறேன்.
மீன் வெந்ததா என்றுதான் கேட்டேன்,
வேய்யோ எழுந்து நிற்கிறான்."

பிறகு ஏரியைப் போட்டோம்.
முதலில் ஒன்றுமில்லை.
ஒன்றுமில்லாததற்கும் இத்தனை அகலம் உண்டென்று
அன்றுவரை அந்த ஸ்பீக்கர் சொன்னதில்லை.
அப்புறம் அடியில் எங்கோ
கம்பியை இழுத்து விட்டதுபோல ஒரு நீளக் கீச்சு
கரையிலிருந்து கரைக்கு ஓடிற்று.
ஓர்வொக்கி காபியைக் கீழே வைத்தாள்.

நான்காம் நிமிடம், பதினோராம் நொடி:
மறுபடியும் அந்தக் கரகரப்பு.
என்னைப் பார்த்தாள்.
இன்னும் இறக்கினேன்.
பிசிறே இல்லை. சுத்தமாக, ஒவ்வொன்றாக,
கர். கர். கர்கர்கர்.
இன்டர்ஃபேஸ் இல்லை. ஆம்ப்ளிஃபயர் இல்லை.
ஏரியும் இல்லை.

என் பூட்ஸ்.
பின்வாங்கும் என் பூட்ஸ்.

அசையாமல் நின்று பதிவு செய்தேன் என்று
எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்.

"நீ ஓடினாய்" என்றாள் ஓர்வொக்கி,
முப்பது சொச்சம் மில்லிவோல்ட் குரலில்,
வேய்யோ இதுவரை கேட்டிராத குரலில்.

அவள் இறங்கிப் போனபின்
அந்தப் பதினோராம் நொடியை வெட்ட
கத்தரிக்கோலைத் திரையில் கொண்டுவந்து வைத்துவிட்டு
வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.
கீழிருந்து வெந்நீர்க் குழாயில்
இரண்டு தட்டு.
போதும் என்கிறாளா,
இன்னொரு தடவை என்கிறாளா,
இறங்கிப் போய்க் கேட்கவில்லை.