எட்டு இலக்கம்

இரவு ஒரு மணிக்குப் பிறகுதான் டேட்டா மலிவு.
கோண்டாவிலில் நாய்களும் நானும் முழிச்சிருக்கிறம்.
ஸ்டான்லி வீதியில் பாதி விலைக்கு வாங்கின லப்டொப்,
விண்டோஸுக்குக் காசில்லாமல் லினக்ஸ் போட்டது,
காய்ச்சல்காரப் பிள்ளை மாதிரி மடியில் சுடுகுது.

பெர்கனில் அண்ணன் வீட்டு ஹோலில்
ரீவிக்குக் கீழே ஒரு கறுப்புப் பெட்டி நித்திரை.
இங்கையிருந்து தட்டினால் எழும்பும்.
அதின்ர மைதானம் என்ர திரையில் விரியும்.
பதினாலு மாதமாய் நானும் அவனும் கதைக்கிறதில்லை.
பெட்டிக்கு அது தெரியாது.

இண்டைக்கு எழும்பேல்லை.
"கன்சோலைக் காணவில்லை."

முதல் கொன்ட்ரோலர்.
வயரைச் செருகினால் நீலமாய் மினுங்குது,
கேர்னல் கண்டிட்டுது, கொம்பனிப் பேரும் சொல்லுது,
மென்பொருளுக்கு மட்டும் தெரியேல்லை.
உள்ளீட்டுக் குழுவில் நான் இல்லையாம்.
என்ர காசில் வாங்கின சாமானைத் தொட
என்ர மெசினில் எனக்கு அனுமதி இல்லை.
சுடோ அடிச்சு, என்னை நானே குழுவில் சேர்த்து,
வெளியில் போய்த் திரும்ப உள்ளுக்கு வந்தன்.
பொத்தான்களுக்கு உயிர் வந்தது.
இடது குச்சி மட்டும் தொடாமலே மேற்கே சரியுது.
அதைப் பிறகு பார்ப்பம்.

அடுத்தது ஃபயர்வோல்.
ஒன்பதாயிரத்து இருநூற்றுச் சொச்சத்தில் ஒரு கதவு. திறந்தன்.
ரவுட்டரிலும் திறந்தன்.
அங்கால போனால், இணைப்புக்காரன்
ஒரே கதவிலக்கத்துக்குள்ள இருநூறு வீட்டை அடுக்கி வைச்சிருக்கிறான்.
ஆர் எந்த வழியால போறதெண்டு அவன் சொல்லுறதுதான் சட்டம்.

வழி.
உறுதியில் எழுதிக் கிடந்தது,
கிணற்றிலும் வழிவாய்க்காலிலும் சரிபாதி எண்டு.
மதில் கட்டினது நான். படலை போட்டதும் நான்.
திறப்பு ஆரிட்ட எண்டு அண்ணன் போனில் கேட்டான்.
நான் சொன்ன மறுமொழியை இதில எழுத ஏலாது.

திரும்பத் தட்டினன்.
பிழை மாறியிருந்தது.
இந்த வேலையில் பிழை மாறுறதும் முன்னேற்றம்தான்.
முந்நூறு வரிப் புலம்பலை இழுத்து இழுத்து வாசிச்சால்
அடியில் ஒரு வரி:
பழைய பதிவு செல்லாது. புதிதாய் இணைக்கவும்.

எட்டு இலக்கம் வேணும்.
அந்த எட்டும் பெர்கன் ரீவியில்தான் தெரியும்.
அவன்தான் அழிச்சானோ,
மகள் துஷாளினி எதையாவது அமத்திப்போட்டாளோ.

இரண்டு பத்து. அங்கை சாப்பாடு முடிஞ்சிருக்கும்.
வட்ஸ்அப்பில் கடைசியாய் நிக்குது என்ர குரல்பதிவு,
நாப்பத்தொரு செக்கன், நீல டிக் இரண்டு.
அதுக்குக் கீழே "கோட்" எண்டு எழுதினன்.
கடன் கேட்ட மாதிரிக் கிடந்தது.
அப்பிடியே விட்டன்.

காத்தாடி ஒருக்கா நிண்டு திரும்பச் சுத்திச்சு.
வந்தது:
41702693

சுகமோ இல்லை, தம்பி இல்லை, முற்றுப்புள்ளியும் இல்லை.
ஐஞ்சு நிமிசத்துக்குள்ள அடிக்க வேணும்.
அடிச்சன். பிழை.
கடைசி மூண்டை எட்டெண்டு அடிச்சிட்டன்.
வேணுமெண்டு இல்லை.
வேணுமெண்டு எண்டாலும் இப்ப என்ன.
"திரும்ப" எண்டு எழுதினன்.

எழுதுறான் எண்டு காட்டிச்சு. நிண்டுது.
திரும்பக் காட்டிச்சு.
வேறொரு எட்டு இலக்கம். அதுக்குக் கீழே,
"கண் தெரியேல்லையோடா."

மைதானம் விரியுது.
முந்நூறு மில்லிசெக்கன் பிந்தித்தான் என்ர ஆள் உதைக்கிறான்,
பந்து எப்பவோ போட்டுது.
குச்சி சரிய, கோலை விட்டிட்டு
மேற்குக் கோட்டைத் தாண்டி நடக்கிறான்.

திரை மூலையில் சின்னதாய் ஒரு பெட்டி திறந்து மூடிச்சு:
இரண்டாவது கொன்ட்ரோலர் இணைந்தது.

அவனுக்கு அங்கை தாமதமே இல்லை.
மூண்டுக்குச் சைபர்.
லினக்ஸில் குறை சொல்ல ஏலாது.