மழைக்குப் பங்கில்லை

பேரணாம்பட்டைத் தாண்டி மலட்டாற்றங்கரையில்
தனபாக்கியத்தின் கிணறு.
ஒப்பந்தத்தில் அதற்கு எண் பதினேழு.
எனக்கும் ஓர் எண் உண்டு: நாற்பத்து மூன்று.

எழுபதாயிரம் ரூபாய்,
சீட்டு எடுத்த பணம்.
ஒரு ஃப்ரிட்ஜ், ஒரு ஜோடி கம்மல்,
மிச்சத்துக்கு வங்கி என்றுதான் இருந்தேன்.
கல்லூரி ஆய்வகத்தில்
குடுவை கழுவுகிறவளுக்கு
வேறென்ன முதலீடு தெரியும்?

தோல் ஷாப் சகீர் அஹமதுக்குக்
கழிவுநீரைச் சுத்தம் செய்ய இயந்திரம் வேண்டும்.
"வட்டிங்கிற வார்த்தை காகிதத்துல இருந்தா
பேனாவே எடுக்க மாட்டேன்" என்றார்.
எடுத்துவிட்டு லாபப் பங்கு என்று எழுதினார்கள்.

சென்னையிலிருந்து வந்த நிரஞ்சன்
ஒரே ஷரத்தை மூன்று முறை விளக்கினான்:
கிணற்றில் உப்பு ஐந்நூறு இறங்கினால்
நம் பங்கு கால் சதவீதம் இறங்கும்.
தண்ணீர் தேறினால் நமக்குக் கொஞ்சம் நஷ்டம்,
தேறாவிட்டால் பழைய லாபம்.
கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை.
பின்வரிசையில் ஒருவர் மட்டும்
"அப்போ மீட்டர் யார் கையில?"

என் கையில்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை
கயிற்றில் பாட்டிலைக் கட்டி இறக்குகிறேன்.
முதல் எண்: ஆறாயிரத்து நூற்று நாற்பது.
"எங்க தென்னைக்கெல்லாம் பிரஷர் இருக்கும்மா,
இவ்ளோ உப்பு தின்னா இன்னா ஆவும்"
என்றாள் தனபாக்கியம்.
அடுத்த முறை ஐம்பது குறைவு.
ஐம்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை,
நானும் எடுக்கவில்லை,
ஆனால் பஸ்ஸில் வரும்போது
நினைத்துக்கொண்டே வந்தேன்.

கார்த்திகையில் நாலு நாள்
ஆறு என்ற பெயருக்கு ஆறு ஓடியது.
மீட்டர் மூவாயிரத்து தொள்ளாயிரம் காட்டியது.
சகீர் பாய் வீட்டிலிருந்து
ஒரு டப்பா மக்கன் பேடா.
பேடாவைத் தின்றேன்.
எண்ணுக்குப் பக்கத்தில்
'மழை' என்று எழுதினேன்.
மழைக்கு லாபத்தில் பங்கில்லை.
"நீ யாருக்காக வேலை செய்ற?" என்று கேட்டார் பாய்,
கோபமாகக் கூட இல்லை.

பதில் எனக்கும் தெரிந்திருக்கவில்லை.
ஒரு பாட்டிலைச் சரியாகக் கழுவாமல் விட்டால் போதும்,
பழைய உப்பு ஒட்டியிருக்கும்,
எண் ஏறும், என் பங்கு இறங்காது.
ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டில்
ராத்திரி மிஞ்சிய சாம்பார் புளிக்கிற வாசனையில்
இதை யோசித்திருக்கிறேன்.
எழுதி வைக்கிறேன், இருக்கட்டும்.

அக்னி நட்சத்திரம்.
ஆற்றில் மணல்கூட இல்லை, பள்ளம்தான்.
பாட்டிலை மூன்று தடவை கழுவினேன்,
மூன்று தடவை அளந்தேன்.
ஐயாயிரத்து நானூற்று எண்பது.
மழை இல்லை. சாக்கு இல்லை.
கால் சதவீதம் இறங்கிவிட்டது.
என் கணக்கில் வருஷத்துக்கு
நூற்றெழுபத்தைந்து ரூபாய்:
ஒரு ஜோடி செருப்பில்
ஒரு கால்.

ஆற்றுக்குப் போகாத உப்பு எங்கே போனது?
ஷாப் பின்னால் ஷெட்டில்
மூட்டை மூட்டையாக ஏறுகிறது,
ஒரு மூலையில் தகரத்தைத் தின்ன ஆரம்பித்திருக்கிறது.
பட்டியலில் அதற்குக் கட்டம் இல்லை.
போடச் சொல்லி இரண்டு முறை எழுதிவிட்டேன்.
நிரஞ்சன் கைகூப்புகிற பொம்மை அனுப்புகிறான்.

துவைகல்லில் தனபாக்கியம்
ஒரு சட்டையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.
"இன்னும் வாய் கொப்பளிக்கக்கூட ஆவாது.
ஆனா இங்க பாரு,
சோப்பு கொஞ்சம் நுரைக்குது."

சாட்சிக் கையெழுத்துக்குத் தாளை நீட்டினேன்.
கையைப் புடவையில் துடைத்தாள்,
சரியாகத் துடைக்கவில்லை.
நுரை பட்டு எண்ணின் கடைசிப் பூஜ்யம் கரைந்தது.
ஐந்நூற்று நாற்பத்தெட்டு என்று நின்றது கிணறு,
தேங்காய்த் தண்ணீரைப் போல.

இரண்டு பேரும் ஒரு நிமிஷம் அதையே பார்த்தோம்.
பிறகு பேனாவை எடுத்து
பூஜ்யத்தை மறுபடி போட்டேன்.